நீ எழுதிக் கொடுத்த சீட்டு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, மாதந்தோறும் வருவதுபோல, நீ அனுப்புகிற தவணையும் வந்தது. பதினான்கு மாதங்களாகத் தவணையை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாங்கி, வாங்கியதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்த என்னால் கடிதத்தை அப்படி வாங்கி வைத்துவிட முடியவில்லை. இன்னும் எவ்வளவு நிலுவை என்று கணக்குப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். "அது தீர்ந்த பிறகு வீட்டுக்கு வருகிறேன்" என்று முடித்திருக்கிறாய். நடுவில், அடித்து அடித்துத் திருத்திய ஒரு பத்தியில், தேவன் உன் பாவங்களை மன்னித்துவிட்டார் என்பதை நம்ப விரும்புவதாக எழுதியிருக்கிறாய். ஆனால் பழைய கோபமும், இக்கட்டான நேரத்தில் வாயில் தானாக வந்துவிடுகிற பழைய பொய்யும் இன்னும் உன்னை விட்டுப் போகாதிருக்கும்போது, மன்னிக்கப்பட்டவள் என்று சொல்லிக்கொள்வதே இன்னொரு பொய்யாகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறாய். நிலுவையைப் பற்றிய கேள்விக்கும் இந்தக் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் படிப்புக்கென்று நானும் அம்மாவும் சேர்த்து வைத்திருந்த பணத்தை, என் கையெழுத்தை நீயே போட்டு எடுத்து, தெரிந்தவர்கள் தொடங்கிய ஒரு வியாபாரத்தில் போட்டு இழந்தாய் என்று தெரிய வந்த இரவில், உன்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளை முன்னால் வைத்து, நான் சொல்லச் சொல்ல உன்னை எழுதவைத்தேன். உனக்கு அப்போது 23 வயது. இன்ன தொகையை நான் என் தகப்பனாருக்குத் தர வேண்டியவள் என்று நீ எழுதினாய். தேதி போடச் சொன்னேன், போட்டாய். அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நீ என் கையெழுத்தைத் திருடியதற்குப் பதிலாக நான் உன் கையெழுத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில், "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று சொன்னேன். அந்த வார்த்தையை நம்பாமல் நீ வீட்டை விட்டுப் போனதற்காக உன்மேல் பல ஆண்டுகள் வருத்தப்பட்டேன். நம்பாதது சரிதான். மன்னித்தேன் என்று சொன்னவன் சீட்டைக் கிழிக்கவில்லையே!

அதை எங்கே வைத்திருந்தேன் என்றால், என் வேதாகமத்தின் பின்னட்டை உறைக்குள். பத்திரமான இடம் என்று நினைத்தேன். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று நான் ஜெபித்திருக்கிறேன். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் அந்த ஜெபத்தில் வரும் சொல் கடன்தான். குற்றம், தவறு என்று நாம் பொதுவாகச் சொல்வதை அங்கே ஆண்டவர் கடன் என்றே சொல்கிறார். பேரேடு எழுதியே பிழைத்த ஒருவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் எனக்குக் கேட்கவில்லை.

கேட்டது கொலோசெயர் நிருபத்தை வாசித்தபோது. இரண்டாம் அதிகாரத்தில் பவுல், நமக்கு எதிரிடையாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து", அதை நடுவிலிருந்து எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கிறிஸ்துவைப் பற்றி எழுதுகிறான். கையெழுத்தைக் குலைப்பது என்றால் என்ன என்று சிறு வயதிலிருந்தே எனக்குப் புரிந்ததில்லை. விளக்கவுரை ஒன்றைப் பார்த்தேன். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும் கை, எழுத்து என்ற இரண்டும் சேர்ந்த சொல்தான். கடன் வாங்கியவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வேறெங்கும் வரவில்லை. 'குலைத்து' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்லின் பொருள் துடைத்து அழிப்பது. புகைக்கரியையும் பிசினையும் கலந்து செய்த அக்காலத்து மையை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட முடியும்; தாள் மீண்டும் வெறுமையாகிவிடும். இதை வாசித்துவிட்டுப் பின்னட்டையைத் திறந்து உன் எழுத்தைப் பார்த்தேன். அந்த 'ன'வை நீ சுழிக்கிற விதம் சிறுமியாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பேனா மை மட்டும் மங்கவே இல்லை.

அன்றைக்குத்தான் மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் உள்ள உவமையை, கணக்கனாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் அவன். ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 பணம். ஒரு பணம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஆக, கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும், உண்ணாமல் உடுக்காமல் அத்தனையையும் கட்டினாலும், கடன் தீர 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். கலிலேயா, பெரேயா பகுதிகளை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அவற்றிலிருந்து ஓராண்டில் கிடைத்த வருமானமே 200 தாலந்துதான் என்று யோசேபஸ் என்ற அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அப்படியிருக்க இந்த மனிதன் ராஜாவின் காலில் விழுந்து என்ன சொல்கிறான்? "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். அவன் கேட்டது அவகாசம். ராஜா கொடுத்தது மன்னிப்பு. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இருந்த வித்தியாசம் அவன் காதில் ஏறவேயில்லை என்று நினைக்கிறேன். அவகாசம்தான் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தவன், இனி வரவேண்டியதையெல்லாம் வசூலித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். பிரசங்கங்களில் இவனைக் கொடியவன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கொடியவன்தான். ஆனால் தனக்குக் கிடைத்தது கிருபை என்று தெரியாதவன் கொடியவனாகாமல் இருப்பது கடினம்.

உன் கடிதத்தில் அந்த ஊழியக்காரன் ராஜாவிடம் சொன்ன வாக்கியத்தின் தொனி இருந்தது, மகளே. தேவனிடத்திலும் என்னிடத்திலும் நீ அவகாசம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அது உன் குற்றமில்லை, என்னிடமிருந்து கற்றாய்.

இதற்கு மேல் எழுதுவதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கே சென்ற செவ்வாய் இரவுதான் சொன்னேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், அலுவலகப் பெட்டியிலிருந்து ஒரு தொகையை எடுத்தேன். மாதக் கடைசியில் திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு எடுத்தேன். எடுக்கிற எல்லோருக்கும் அந்த எண்ணம் இருக்கும். திருப்பி வைக்கிறதற்குள் தணிக்கை நாள் வந்துவிட்டது. எனக்கு மேலிருந்த முதியவர் முந்தின மாலையே பெட்டியை எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர் என்னைக் கூப்பிடவில்லை. குறைந்த தொகையைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை வழக்கமான இடத்தில் மாட்டிவிட்டு, "நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடு, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஓய்வுபெறும்வரை அதைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் பேசவில்லை. அதன் பிறகு நான் ஒருபோதும் பணத்தைத் தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் அதை என்னுடைய நேர்மை என்று எண்ணிக்கொண்டேன். அந்த மனிதர் தந்ததை என் சம்பாத்தியமாக வரவு வைத்துக்கொண்டு, அதன் மிடுக்கில்தான் உன் முன்னால் வெள்ளைத்தாளை வைத்தேன். உவமையில் நான் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது.

அவர் செய்ததில் கணக்கர்கள் மட்டுமே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. பெட்டியில் குறைந்தது மாயமாக நிரம்பவில்லை. கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை காற்றில் கரைந்துபோவதில்லை. கொடுத்தவனின் ஏட்டில் நட்டமாக ஏறுகிறது. பதினாயிரம் தாலந்தை விட்டுவிட்ட ராஜா அன்று மாலை பதினாயிரம் தாலந்து ஏழையாகிவிட்டான். தேவன் சர்வவல்லவர், அப்படியே மன்னித்துவிடக் கூடாதா, சிலுவை எதற்கு என்று நீ கல்லூரி நாட்களில் என்னிடம் வாதாடியது நினைவிருக்கிறதா? அன்று நான் உனக்குச் சரியான பதில் சொல்லவில்லை, அதட்டினேன். இப்போது கேட்டால், மன்னிக்கிறவர் அந்த நட்டத்தைத் தம் மேல் ஏற்றுக்கொண்டதைத்தான் சிலுவை என்கிறோம் என்று சொல்வேன். இலவசம் என்று நாம் சொல்லும் கிருபை வாங்குகிறவருக்கு இலவசம்.

இனி உன் மற்றக் கேள்வி. மாறாதவள் தன்னை மன்னிக்கப்பட்டவள் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், "அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது" என்று ரோமர் நான்காம் அதிகாரம் சொல்கிறது. 'எண்ணப்பட்டது' என்பதும் மூலத்தில் கணக்கேட்டுச் சொல்தான்; வரவு வைக்கப்பட்டது என்று நான் வாசித்துக்கொள்வேன். இது ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் நடக்கிறது. அதற்கு முன் பன்னிரண்டாம் அதிகாரத்தில், எகிப்தில் உயிருக்குப் பயந்து, சாராளைத் தன் சகோதரி என்று சொல்லும்படி அவன் செய்துவிட்டான். சரி, அது முன்பு. ஆனால் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பார். நீதிமான் என்று வரவு வைக்கப்பட்டு, உடன்படிக்கை செய்யப்பட்டு, பெயரும் மாற்றப்பட்ட பிறகு, கேராரில் அதே பயத்தில் அதே பொய்யைச் சொல்கிறான். உன்னைப் போலவே, இக்கட்டு வந்ததும் பழைய பொய் வாயில் வந்துவிட்டது. அதற்காகத் தேவன் பதினைந்தாம் அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அவனை வெட்கப்படும்படி விட்டார். வேற்று ராஜாவின் வாயால் அவனைக் கண்டிக்க வைத்தார். அதே அதிகாரத்தில் அவனை அந்த ராஜாவுக்காக ஜெபிக்கவும் வைத்தார். மன்னிக்கப்பட்டவள் என்று உன்னை நீ அழைத்துக்கொள்ளும்போது உன் குணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லவில்லை; உன் கணக்கில் இன்னொருவர் எழுதியதை வாசிக்கிறாய். அது பொய்யாக முடியாது.

ஆனாலும் இதை மெத்தையாக்கிப் படுத்துக்கொள்ளாதே. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று பவுலே கேட்டு, "கூடாதே" என்று உடனே பதிலும் சொல்லிவிட்டான். மெதுவாக மாறுவதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பெரும்பாலும் மற்றவர்கள் கட்டுகிறார்கள். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயப் போதகரின் வாழ்க்கையைச் சபைகளில் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். 1748ஆம் ஆண்டு கடும் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் அவர் தேவனிடம் இரக்கம் கேட்டுக் கூப்பிட்டார். அன்றே மனந்திரும்பியதாகக் கடைசிவரை அந்த நாளை நினைவுகூர்ந்தார். உடனே எல்லாம் மாறியதுபோல நமக்குச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடக்க, மேல்தளத்தில் ஜெபமும் வேதவாசிப்பும் நடத்தினார். 1754இல் கடலை விட்டதும் உடல்நலக்குறைவால்தான், மனசாட்சி குத்தியதால் இல்லை. அந்த வணிகத்தில் தமக்கிருந்த பங்கை அறிக்கையிட்டு, அதற்கு எதிராக ஒரு சிறு நூலை அவர் வெளியிட்ட ஆண்டு 1788. கடலை விட்டு 34 ஆண்டுகள். பிறகு பாராளுமன்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1807இல் பிரிட்டனில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியதைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் மரித்தார். கிருபை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஆண்டுகள் யாருடைய முதுகின்மேல் கழிந்தன என்று கேட்காமல் எடுத்துக்காட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. மாற்றம் மெதுவாக வருவது எனக்கும் தெரியும்; என் சீட்டு பதினோரு ஆண்டுகள் இருந்தது, நீதான் அதன் விலையைக் கட்டினாய். உன்னில் மாறாதிருப்பதை எண்ணிக் கலங்க வேண்டாம் என்கிறேன். அதை யார் சுமக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள் என்கிறேன். பொய் சொன்ன அன்றே, சொன்னவரிடமே போய், அது பொய் என்று சொல்லிவிடு. அவ்வளவு போதும் இப்போதைக்கு. தேவனே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் என்று பிலிப்பியர் நிருபத்தில் இருக்கிறது. நீ அந்தப் பத்தியை அடித்து அடித்து எழுதியதே அந்த விருப்பம் உன்னில் உண்டாகிவிட்டதைக் காட்டுகிறது.

இனி தவணைகள். நீ அனுப்பியதை நான் செலவு செய்யவில்லை. பதினான்கும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பி, எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம் என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா தடுத்தாள். அவள் சொன்னது சரி. இழப்பு என்னுடையது மட்டுமில்லை. உன் தம்பி அந்த ஆண்டு படிப்பைத் தள்ளிவைத்து வேலைக்குப் போனான். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கல்லூரிக்குள் நுழைந்தான். இன்றைக்கு நன்றாக இருக்கிறான் என்பதால் அந்த இரண்டு ஆண்டுகள் இல்லாமல் போய்விடுமா? அவனுக்குப் பதிலாக உன்னை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை. தகப்பன் என்ற உரிமையில் முன்பு அதையும் நானே சொல்லியிருப்பேன்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டில் நடந்ததை நினைத்துப் பார். அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். தானாக அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமத்தில் இருந்தது. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி, அதைக் கொன்றோ விற்றோ அகப்பட்டவனுக்கு யாத்திராகமம் விதித்த தண்டனை. அவன் தன்னை அகப்பட்ட திருடனின் வரிசையில் நிறுத்திக்கொள்கிறான், அதுவும் சந்தோஷமாக. ஆனால் இயேசு அவன் வீட்டில் தங்குகிறேன் என்று சொன்னது இதற்கு முன்பு. மரத்தின்மேல் இருந்தவனிடம், கடனைத் தீர்த்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நீ எனக்கு எழுதியது அந்த வரிசையைப் புரட்டிப் போட்டதுபோல இருந்தது. கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் தம்பிக்கு அனுப்பு, அதோடு அவனுக்கு ஒரு கடிதமும் எழுது. அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அவன் தாமதித்தால் நீ பொறுத்திருக்க வேண்டும். அவன்மேல் வருத்தப்படக் கூடாது. அந்தத் தவறை நான் உன்மேல் செய்தேன்.

பேதுரு ஆண்டவரை மூன்றுமுறை மறுதலித்த முற்றத்தில் எரிந்தது கரிநெருப்பு என்று யோவான் எழுதுகிறான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில், என்னை நேசிக்கிறாயா என்று அவனை மூன்றுமுறை கேட்டபோதும் பக்கத்தில் கரிநெருப்புதான் இருந்தது. வேறு எங்கேயாவது வைத்துப் பேசியிருக்கலாம். அந்த வாசனை வராத இடமாகப் பார்த்திருக்கலாம். நம் வீட்டில் அந்தச் சாப்பாட்டு மேசையை மாற்றிவிடலாமா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றாள். அங்கேதான் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்பதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். துடைத்துப் பார்த்தேன், பந்துமுனைப் பேனாவின் மை தண்ணீருக்கு அசைவதாக இல்லை. கிழிக்கலாம் என்று எடுத்தபோது, அதை நான் கிழிப்பதைவிட உன் கைக்கே வந்து சேருவது நல்லது என்று தோன்றியது. குறிப்பேட்டில் உன் பெயர் எழுதிய பக்கத்தில் கோடு போட்டு, 'வசூலானது' என்று எழுதப் போனேன். அது பொய்க்கணக்கு. 'தள்ளுபடி' என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை வாசித்த அம்மா, வேதபாடம் அதிகமாகிவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்கிறாள். அவள் கேட்கச் சொன்னது இது: அடுத்த மாதம் தம்பி வருகிற நாளில் நீயும் வருகிறாயா, இல்லை, அதற்கு முன் தனியாக ஒருமுறை வந்துவிட்டுப் போகிறாயா?

உன் அப்பா